சிவப்பு ஷெவெலின் இரண்டு எண்கள்

வேட் ஹாலன்பெக்கின் காருக்கு ஏலத்தில் கிடைத்த வரிசை எண் நூற்றுப் பதினேழு. பிற்பகல் ஒரு மணிக்குக் கூடாரத்துக்குள் எண்பத்தோராவது காருக்கு விலை கூவிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு கார் போனால் இன்னும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். வேட் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. மைத்துனன் டென்னி வாங்கிவந்த பன்றியிறைச்சி சாண்ட்விச் காகிதத்துக்குள்ளேயே எண்ணெய் ஊறி, மடக்கு நாற்காலிமேல் ஆறிப்போய்க் கிடந்தது.

கார் 1970-ஆம் வருடத்து ஷெவெல் எஸ்எஸ். சிவப்பு உடம்பு, பானெட்டில் இரண்டு அகலமான கறுப்புப் பட்டைகள். பானெட்டுக்குக் கீழே நானூற்றைம்பது குதிரைத் திறன் கொண்ட பெரிய வி-8 என்ஜின். அந்த என்ஜினை அந்தக் காரில் வைத்து விற்றது அந்த ஒரே வருடம்தான். அப்புறம் இன்சூரன்ஸ்காரர்கள் கட்டணத்தை ஏற்றினார்கள், புகைக்குச் சட்டம் வந்தது, பெட்ரோலுக்கு வரிசை வந்தது. அப்படி ஒரு மிருகத்தைக் கடையில் நிறுத்தி விற்கும் காலமே போய்விட்டது. வேட் முதன்முதலில் இதைப் பார்த்தபோது, எவன்ஸ்வில்லுக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் கோழிகள் இதற்குள்ளே முட்டையிட்டுக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு ஒன்பது வருடம், சனி ஞாயிறு பாராமல், மன்சியில் தன் வீட்டுக் கொட்டகையில் அவனும் டென்னியும் உழைத்தார்கள். வேட் இரும்பைப் பார்த்துக்கொண்டான். டென்னி பெயின்ட்டைப் பார்த்துக்கொண்டான். காரில் ஆளுக்குப் பாதி.

ஏலக்காரர்களின் புத்தகத்தில் மதிப்பு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் டாலர் என்று அச்சாகியிருந்தது. முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள தகட்டின் எண்ணும் என்ஜினில் அடித்த எண்ணும் ஒன்றாக இருந்ததால் அந்த மதிப்பு. எண்கள் ஒத்துப்போகாவிட்டால் அதே கார், அதே வேகம், அதே சத்தம், பாதி விலைக்குக்கூடப் போகாது.

"மச்சான், சும்மா தொடச்சிக்கிட்டே இருக்காத. பெயின்ட்டு தேஞ்சிடும்," என்றான் டென்னி.

அப்போதுதான் அந்த அம்மாள் வந்து காரின் பின்பக்கம் நின்றார். எழுபது வயதை ஒட்டி இருக்கும். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். ஆண்கள் போடும் நீலச் சட்டை, தோளில் ஒரு துணிப்பை. பார்க்க வந்த மற்றவர்கள் எல்லாரும் முதலில் பானெட்டுக்குள்தான் எட்டிப் பார்த்தார்கள். இவர் டிக்கிப் பக்கம் போய் நின்றதே வேட்டுக்கு வித்தியாசமாகப் பட்டது.

"டிக்கிக்குள்ள பாக்கலாமா?"

"தாராளமா பாருங்கம்மா."

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "தரை புதுசா போட்டிருக்கீங்க."

"பழசு துருப்பிடிச்சு உதிர்ந்துபோச்சு."

"வலது மூலையில மஞ்சளா ஒரு தகடு ஒட்டுப் போட்டிருக்குமே. ரோட்டோரத்துப் பலகைய வெட்டிப் போட்டது."

வேட்டின் கையில் இருந்த துணி அப்படியே நின்றது. "அப்படி எதுவும் ஞாபகம் இல்லையே," என்றான்.

"என்ன மச்சான், ஞாபகம் இல்லையா?" டென்னி சிரித்துக்கொண்டே முன்னால் வந்தான். "பள்ளிக்கூடப் பிள்ளைங்க தெருவக் கடக்குற படம் போட்ட பலகைம்மா அது! படத்துல பையனோட ரெண்டு கால் மட்டும்தான் மிச்சம். நம்ம கொட்டகைச் சுவத்துல இப்பவும் மாட்டி வச்சிருக்கோம். ஆமா, உங்களுக்கு எப்படித் தெரியும்? வெப்சைட்டுல போட்ட போட்டோவுல பாத்தீங்களா?"

"போட்டோவுலயும் பாத்தேன். அந்த ரெண்டு காலையும் வெட்டி ரிவெட் அடிச்சதே நான்தான்."

டென்னியின் முகத்தில் சிரிப்பு இன்னும் போகவில்லை, ஆனால் எதற்குச் சிரிக்கிறோம் என்று அவனுக்கே தெரியாமல் நின்றான்.

"என் பேரு லொரெய்ன் பியெட்ஷாக். டொலிடோவுல இருந்து வர்றேன்," என்றார் அந்த அம்மாள். குரலில் கோபம் இல்லை. "இந்தக் கார் என்னோடது. எழுபத்தெட்டு அக்டோபர்ல, கண்ணாடி ஃபேக்டரியில நான் ரெண்டாவது ஷிப்டு பாத்துட்டு வெளிய வந்தேன். நிறுத்தின இடத்துல எண்ணெய்க் கறை மட்டும்தான் இருந்துச்சு."

"யம்மா, சிவப்பு ஷெவெல் ஊருக்கு நாலு இருந்துச்சு அந்தக் காலத்துல," என்றான் டென்னி.

லொரெய்ன் பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த பழுத்த காகிதம் ஒன்றை எடுத்தார். ஒஹையோ மாநிலத்து உரிமைப் பத்திரம். டென்னி அதைப் பறிக்காத குறையாக வாங்கி, முன்கண்ணாடியில் மூக்கு இடிக்கும்படி குனிந்து, தகட்டின் எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டான். பிறகு பெருமூச்சு விட்டு நிமிர்ந்தான்.

"கடைசி அஞ்சு நம்பரும் வேற! பாத்துக்கங்க. இது உங்க கார் இல்ல. பாவம், இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. ஏதாவது குடிக்கிறீங்களா?"

"அந்த நம்பர் தகடு ரெண்டு ரிவெட்டு ஆணியில நிக்குது தம்பி. எவன் வேணா கழட்டி மாத்தலாம். என்ஜின் நம்பரக்கூட ராவிட்டு வேற அடிக்கலாம்." லொரெய்ன் இப்போது வேட்டை மட்டும் பார்த்தார். "சேஸிஸ்ல, அடிச்சட்டத்துல அடிச்சதுதான் மாறாது. ஓட்டுறவர் பக்கம், பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால, இரும்போட மேல்பக்கம். மேல பாடி இருக்கிறதால கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடிய உள்ள விட்டாத்தான் தெரியும். நான் கொண்டுவந்திருக்கேன். பாக்கலாமா?"

பல் மருத்துவர் வைத்திருப்பதைப்போல், நீண்ட கம்பி முனையில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி. 

வேட்டுக்கு அந்த எண் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன், பாடியைத் தனியாகத் தூக்கி நிறுத்தி, சேஸிஸைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக்கொண்டிருந்தபோது துருவுக்கடியிலிருந்து இலக்கங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தகட்டில் இருந்த எண் இல்லை. டென்னி அன்றைக்குச் சாப்பாடு வாங்கப் போயிருந்தான். வேட் தூக்கி நிறுத்திய பாடிப் பக்கம் போய், ஹீட்டர் பெட்டியைக் கழற்றி, அதன் பின்னால் ஒளிந்திருக்கும் இன்னொரு எண்ணைப் பார்த்தான். அதுவும் சேஸிஸில் இருந்ததோடு பொருந்தியது. அப்படியென்றால் காரின் உடம்பு முழுக்க ஒரு எண். எல்லாரும் பார்க்கிற இடங்களில் மட்டும் வேறு எண். அதற்கு என்ன அர்த்தம் என்று கார் தெரிந்த எவனுக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதற்குள் ஆறு வருட உழைப்பு உள்ளே போயிருந்தது. டென்னியின் பிக்கப் வண்டி வாசலில் திரும்பும் சத்தம் கேட்டது. வேட் அடிப்பூச்சு டப்பாவைத் திறந்து, தார் மாதிரி கெட்டியான அந்தக் கறுப்பை எண்ணின்மேல் மூன்று கோட்டிங் அடித்தான். டென்னி வந்து "என்ன அவசரம்?" என்று கேட்டதற்கு, "துரு பிடிச்சிடும்" என்று சொன்னான். யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை.

"இப்ப முடியாதும்மா," என்றான் வேட். "ஏலத்துக்கு நிக்கிற வண்டி. அடியில கைய விட்டுக் கீறல் விழுந்துச்சுன்னா யார் பதில் சொல்றது?"

லொரெய்ன் தலையாட்டினார்.  திரும்பி, ஏலக்காரர்களின் அலுவலகக் கூண்டை நோக்கி நடந்தார்.

"போகட்டும் விடு," என்றான் டென்னி. "வயசான காலத்துல ஏதோ மனசுல போட்டுக்கிட்டுத் திரியுது. மஞ்சத் தகடாம்! எவன் வேணா ஒட்டியிருப்பான்."

கூடாரத்துக்குள் ஒலிபெருக்கி தொண்ணூற்றாறு என்றது.

பத்து நிமிடத்தில் லொரெய்ன் மார்வா டில்லரியோடு திரும்பி வந்தார். மார்வா ஏலத்துக்கு வரும் வண்டிகளைச் சரிபார்க்கிறவள். முப்பது வருட அனுபவம். முழங்காலுக்கு உறை மாட்டிக்கொண்டுதான் எப்போதும் நடப்பாள். வேட்டிடம் அனுமதி கேட்காமல், அட்டையை விரித்து அப்படியே காருக்கடியில் மல்லாந்து போய்விட்டாள். டார்ச் வெளிச்சம் அடியில் அலைவது தெரிந்தது. 

மார்வா வெளியே வந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"நம்பர் தெரியலை. மேல பூச்சு இருக்கு."

"நான் சொன்னேன்ல!" என்றான் டென்னி.

"இருங்க, முடிக்கல." மார்வா கையுறையைக் கழற்றினாள். "மத்த இடத்துல எல்லாம் பூச்சு காகிதம் மாதிரி இருக்கு. அழகா அடிச்சிருக்கீங்க. அந்த ஒரு சாண் இடத்துல மட்டும் கேக்குமேல க்ரீம் தடவின மாதிரி இருக்கு. ஏன் மிஸ்டர் ஹாலன்பெக்?"

"அங்க துரு அதிகம்."

"சுரண்டிப் பாக்கட்டுமா? ரெண்டு நிமிஷ வேலை."

வேட் டென்னியைப் பார்த்தான். டென்னியின் முகத்தில் வெறும் எரிச்சல்தான் இருந்தது. சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. அதுதான் வேட்டை இன்னும் சுட்டது.

"வேண்டாம்," என்றான் வேட். "விலை கேக்குறவங்க சுத்தி நிக்கிறாங்க. இப்பப் போய்ச் சுரண்டினா வண்டிக்குக் கெட்ட பேரு."

மார்வா லொரெய்னிடம் திரும்பினாள். "உண்மையச் சொல்லிடறேன்மா. நீங்க குடுத்த நம்பர நான் போலீஸ்ல கேட்டுப் பாத்துட்டேன். நாப்பத்தொரு வருஷத்துப் புகார், கம்ப்யூட்டர்ல இல்லை. திங்கக்கிழமை டொலிடோவுல பழைய காகிதத்தத் தேடணும்கிறாங்க. சொந்தக்காரர் சம்மதிக்காம நான் சுரண்ட முடியாது. வெறும் சந்தேகத்துக்கு ஏலத்த நிறுத்தவும் எனக்கு அதிகாரமில்லை."

"இன்னிக்கு வித்தா எங்க போகும்?"

"ஃபோன்ல மூணு பேரு காத்திருக்காங்க. ஒருத்தர் வெளிநாடு. வாங்கினா அடுத்த வாரம் கப்பல்ல ஏறிடும்." மார்வா எழுந்து நின்று, வேட்டின் கண்களை நேராகப் பார்த்தாள். "கூடாரத்துக்குள்ள போறவரைக்கும் உங்க கையிலதான் இருக்கு. நான் அங்கதான் நிப்பேன்."

டென்னி பத்திரங்களில் கையெழுத்துப் போடக் கூண்டுக்குப் போனான். லொரெய்ன் போகவில்லை. வேட் சாண்ட்விச்சை எடுத்துக் குப்பையில் போட்டான். ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும் போலிருந்தது.

"என்னைத் திருடன்னு நெனைக்கிறீங்களா?" என்றான், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"நீங்க எங்கிட்டருந்து திருடல. எழுபத்தெட்டுல உங்களுக்கு என்ன, பத்துப் பதினஞ்சு வயசு இருக்குமா?"

"பதிமூணு."

"எனக்கு இருபத்தெட்டு. அதுக்கு ஆறு வருஷம் முன்னாடி, ஒரு பம்பர் கடையில பாலீஷ் போட்ட காசுல, வியட்நாம் போய்த் திரும்பின ஒரு பையன்கிட்ட இத வாங்கினேன். அவனுக்கு இன்சூரன்ஸ் கட்டி மாளல. ஞாயித்துக்கிழமை ஆனா கால் மைல் பந்தயத்துக்குப் போவேன். முதல் வருஷம் 'சமையலறை எந்தப் பக்கம்'னு கேட்டானுங்க. ரெண்டாவது வருஷம் எவனும் கேக்கல. பதிமூணு செகண்டு, அதுக்கு மேல ரெண்டு புள்ளி. தெருவுல ஓடுற டயரோட. மூணாவது கியர் போடும்போது முன்பக்கம் தூக்குமே, அந்த நேரத்துல வானம் மட்டும்தான் தெரியும்."

வேட் அந்தக் காரை அப்படி ஒருமுறைகூட ஓட்டியதில்லை. கொட்டகையிலிருந்து சாலை முனைவரை, திரும்ப கொட்டகை. மதிப்புக் குறைந்துவிடும் என்ற பயம்.

"ஒண்ணு கேக்கணும்," என்றார் லொரெய்ன். முதன்முறையாக அவர் குரல் தடுமாறியது. "அதுக்குத்தான் முக்கியமா வந்தேன். நீங்க வண்டிய வாங்கினப்ப, ஸ்டீயரிங் தண்டுல சாவி போடற இடம் எப்படி இருந்துச்சு? நல்லா இருந்துச்சா? இல்ல, உடைச்சிருந்துச்சா?"

"ஏன்?"

"ரெண்டே சாவிதான். ஒண்ணு என் பையில. இன்னொண்ணு என் தம்பி ஸ்டான்கிட்ட. நிறுத்தின இடத்துல ஒரு கண்ணாடித் துண்டு கிடையாது, இழுத்த தடம் கிடையாது. போலீஸ்காரன், 'சாவி வச்சிருக்கிறவன்தான் எடுத்திருக்கணும்'னான். ஸ்டானுக்கு அப்ப வேலை இல்ல, சீட்டாட்டம் வேற. நான் எங்கம்மா முன்னாடியே கேட்டேன், எத்தனைக்குடா வித்தேன்னு. அவன் 'நான் எடுக்கலக்கா'ன்னு ஒரே ஒரு தடவைதான் சொன்னான். அதுக்கப்புறம் வீட்ட விட்டுப் போயிட்டான். டுலூத்துல இருக்கான். அம்மா சாவுக்கு வந்தான், சவப்பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்னான், போயிட்டான். நாப்பத்தொரு வருஷமா பேச்சில்ல."

 கோழி எச்சம் படிந்த ஸ்டீயரிங் தண்டு வேட்டின் கண்முன்னால் வந்து நின்றது. சாவித் துளையைச் சுற்றி வார்ப்பு உலோகம் பூ மாதிரி வெளியே பிளந்திருந்தது. பூட்டைக் கொக்கி மாட்டி இழுத்துப் பிடுங்கியிருக்கிறார்கள். யாரோ பின்னால் பசை வைத்து ஒப்பேற்றியிருந்தார்கள். சாவி வைத்திருந்தவன் அப்படிச் செய்ய மாட்டான். அந்தத் துண்டு இப்போதும் கொட்டகையில் ஒரு பெட்டிக்குள் இருந்தது.

உடைந்திருந்தது என்று சொன்னால், திருட்டு வண்டி என்று தானே ஒத்துக்கொண்டதாகிவிடும். நன்றாக இருந்தது என்று சொன்னால்?

"சரியா ஞாபகமில்லைம்மா," என்றான்.

 லொரெய்ன் கண்ணாடிக் கம்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "சரி," என்றார். அவ்வளவுதான். வேலிப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"நூத்திப் பதினேழு! வரிசைக்கு வரலாம்!" ஏலக்காரர்களின் ஆள் கொடியசைத்தான்.

வேட் ஓட்டும் இருக்கையில் ஏறினான். டென்னி பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினான். சாவியைத் திருப்பியதும் என்ஜின் ஒருமுறை இருமிவிட்டு உயிர் வந்து உறுமியது. இருக்கை அதிர்ந்தது. கூட்டத்தில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்து ஃபோனைத் தூக்கினார்கள். வரிசையில் அவர்களுக்கு முன்னால் மூன்று கார்கள் நின்றன.

"கேட்டியா சத்தத்த!" டென்னி டாஷ்போர்டைத் தட்டினான். "ஒன்பது வருஷம் மச்சான்! வித்து முடிச்சதும் நேரா மீன் பிடிக்கப் போறோம். உன் தங்கச்சி கரோலும் வரட்டும், உன் பொண்டாட்டியையும் கூப்பிடு."

ஒரு கார் உள்ளே போனது. வேட் கிளட்ச்சை விட்டு ஒரு வண்டி தூரம் நகர்ந்தான். வேலியோரம் லொரெய்ன் நின்றிருந்தார். அவர் காரைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, என்ஜினைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாவது காரும் உள்ளே போனது. மார்வா கூடாரத்து வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.  இன்னும் ஒரு கார். அது முடிந்தால் விளக்கு வெளிச்சம், கூச்சல், ஏலத்தை முடிக்கும் சுத்தியல். அதற்குமேல் யாரும் எதையும் கேட்கப் போவதில்லை. டுலூத்தில் ஒரு மனிதன் எப்படியும் நாற்பத்தொரு வருடம் வாழ்ந்துவிட்டான், இன்னும் கொஞ்சம் வாழ்ந்துவிடுவான்.

வேட் என்ஜினை அணைத்தான்.

"என்ன ஆச்சு? நின்னுபோச்சா?" என்றான் டென்னி.

"டென்னி, நான் சொல்றதக் கேளு. சேஸிஸ் நம்பர் வேற. எனக்கு மூணு வருஷமாத் தெரியும். அந்தம்மா சொல்றது நெஜம்."

டென்னிக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் அவன் முகம் சுண்டிப்போனது. "வேணாம்," என்றான் மெல்ல. "வேணாம் மச்சான். வண்டிய எடு. அப்புறம் பேசிக்கலாம். எடுடா வண்டிய!"

வேட் கதவைத் திறந்தான். டென்னி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். தோள்பட்டைத் தையல் கிழிந்தது. "எனக்கும் பாதிடா இது! என்னக் கேட்டியா? பூச்சு அடிக்கும்போது கேட்டியா? இப்பக் கேட்டியா?"

 பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடித்தன. கொடி வைத்திருந்தவன் ஓடி வந்தான். வேட் கிழிந்த சட்டையோடு இறங்கி, மார்வாவை நோக்கிக் கையை உயர்த்தினான்.

"சுரண்டுங்க," என்றான். "சம்மதம்."

மார்வா வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, அட்டையைப் போட்டுக்கொண்டு அடியில் போனாள். உலோகம் உலோகத்தைச் சுரண்டும் சத்தம் வெகுநேரம் கேட்பதுபோல் இருந்தது. கறுப்புச் சுருள்கள் அட்டைமேல் விழுந்தன. பிறகு அடியிலிருந்து அவள் குரல் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னது. லொரெய்ன் உரிமைப் பத்திரத்தை விரித்துப் பிடித்திருந்தார், ஆனால் அதைப் பார்க்கவில்லை. மார்வா சொல்லச் சொல்ல, அவர் உதடுகள் அரை நொடி முன்னதாகவே ஒவ்வொரு எண்ணையும் சொல்லி முடித்தன.

வேட் அவர் பக்கத்தில் போய் நின்றான். "பூட்ட உடைச்சிருந்தாங்கம்மா. கொக்கி போட்டு இழுத்திருக்காங்க. சாவி போட்டு யாரும் எடுக்கல. நான் பொய் சொன்னேன்."

லொரெய்ன் வேலிக் கம்பியைப் பிடித்தபடி மெல்லத் தரையில் உட்கார்ந்தார். வேட் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவர் வாங்கவில்லை. "அவன் ஒரே தடவதான் சொன்னான்," என்றார். "இன்னொரு தடவ சொல்லியிருக்கக் கூடாதா, மடையன்." அப்புறம், "நான் இன்னொரு தடவ கேட்டிருக்கணும்," என்றார்.

ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, வேட்டிடம் இரண்டு மணி நேரம் எழுதி வாங்கிக்கொண்டு, காரை ஒரு லாரிமேல் ஏற்றிப் போனான். வேட் பழைய பிக்கப்பில் தனியாக மன்சிக்குத் திரும்பினான். டென்னி வேறு யார் வண்டியிலோ போய்விட்டிருந்தான்.

டொலிடோவில் பழைய புகார்க் காகிதம் கிடைக்க ஏழு வாரம் ஆனது. லொரெய்ன் அந்தக் காலத்தில் திருட்டுக்கென்று இன்சூரன்ஸ் எடுக்காததால், கார் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகாமல் அவருக்கே வந்தது. எண்ணை மறைத்ததற்கு வேட்மேல் வழக்குப் போடலாமா என்று அரசு வக்கீல் யோசித்தார். தானாக முன்வந்து சொன்னதைக் கணக்கில் வைத்து, அபராதத்தோடு விட்டுவிட்டார். டென்னி நவம்பரில் நன்றி அறிவித்தல் நாள் விருந்துக்கு வரவில்லை. கிறிஸ்துமஸுக்குத் தங்கை கரோல் மட்டும் வந்தாள், அண்ணனோடு பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

ஜனவரியில், பனி முழங்கால்வரை கிடந்த ஒரு காலையில், மினசோட்டா எண் தகட்டோடு ஒரு வண்டி வேட்டின் வாசலில் நின்றது. உயரமான ஒரு மனிதர் இறங்கினார். லொரெய்னின் தாடை அவருக்கும் இருந்தது.

"ஸ்டான் பியெட்ஷாக்," என்றார். "அந்த உடைஞ்ச பாகம் உங்ககிட்ட இருக்கறதா அக்கா சொன்னா."

வேட் கொட்டகைக்குள் போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து பணிமேசைமேல் வைத்தான். ஸ்டான் கையுறையைக் கழற்றிவிட்டு, பிளந்த துண்டை எடுத்தார். சாவித் துளையைக் கட்டைவிரலால் சுற்றித் தடவினார்.  

"அக்கா வீட்டுக்குப் போறீங்களா?" என்று கேட்டான் வேட்.

"தெரியல." ஸ்டான் துண்டைப் பெட்டிக்குள்ளேயே வைத்தார். "ஃபோன் பண்ணினா. அழுதா. நான் என்ன சொல்றது? பரவாயில்லன்னா? அப்படிச் சொல்ல வரலையே." பெட்டியை மூடினார். "இத நான் எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்குங்க."

அவர் வண்டி வாசலில் அரைமணி நேரம் என்ஜின் ஓடியபடி நின்றது. வேட் ஜன்னலிலிருந்து பார்த்தான். பிறகு அது சாலைக்கு ஏறி, கிழக்கே திரும்பியது. டுலூத் வடக்கே, மினசோட்டாவில். கிழக்கே போனால் ஒஹையோ, டொலிடோ.

ஜூன் மாதம் லொரெய்ன் ஃபோன் செய்தார். டொலிடோவுக்குப் பக்கத்தில் பழைய கார்களுக்கான கால் மைல் பந்தயம். கார்பரேட்டர் மக்கர் செய்கிறது, அதை உள்ளும் புறமும் அறிந்தவர் நீங்கள்தான், வர முடியுமா என்று கேட்டார். மன்னிப்பு என்ற வார்த்தையை இரண்டு பேருமே பயன்படுத்தவில்லை. வேட் கருவிப்பெட்டியைப் பிக்கப்பில் வைக்கும்போது, டென்னி எதிர்வீட்டுக்காரன்போல் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒன்றும் சொல்லாமல் வந்து மறுபக்கக் கதவைத் திறந்து ஏறினான்.

"பெயின்ட்ட எப்படி வச்சிருக்குதுன்னு பாக்கத்தான் வர்றேன்," என்றான். "உன்கூடப் பேசறதுக்கு இல்ல."

நூற்றைம்பது மைல், அப்படியே வந்தான்.

பந்தயத் தடத்தில் பச்சை விளக்கு விழுந்ததும் லொரெய்ன் ஓட்டிய சிவப்பு ஷெவெல் பின்பக்கத்தைப் பதித்து, புகையை வாரி எறிந்துகொண்டு பாய்ந்தது. சத்தம் வேட்டின் விலா எலும்பில் இடித்தது. மூன்றாவது கியரில் பானெட் மேலே எழுவதை அவன் பார்த்தான். அவன் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்த கார் அது. இப்படி ஓடும் என்று அவனுக்குத் தெரியாது. பலகையில் எண்கள் எரிந்தன: பதினான்கு, அதற்குமேல் நான்கு புள்ளி.

"ரெண்டாவது கியரப் போட லேட்டு," என்றான் டென்னி, வேலியில் சாய்ந்தபடி. வேட்டைப் பார்க்காமல்தான் சொன்னான்.

"கிளட்ச் மிதிக்க முட்டி வலின்னு சொன்னாங்க," என்றான் வேட்.

"அதுக்கு? சீக்கிரமா மாத்தணும்னு அவங்ககிட்ட போய்ச் சொல்லு. இன்னொரு ரவுண்டு இருக்குல்ல."